பொழுதும் எண்ணமும்

காலம் என்னும் பொதுச்செல்வம்

நிலமும் பொன்னும் நெல்லும் சிலர்பால் மிகுந்தும் சிலர்பால் குறைந்தும் இருத்தல் உலகியல்பு. ஆயின், எல்லார்க்கும் ஒரே அளவாகப் பகுத்து அளிக்கப்பெற்ற செல்வம் ஒன்று உண்டு. அதுவே காலம். நாடாளும் வேந்தனுக்கு ஒரு நாளில் எத்தனை நாழிகையோ, அவன் வாயிலைக் காக்கும் காவலனுக்கும் அத்தனை நாழிகையே. பொன்னைப் பேழையில் இட்டுப் பூட்டலாம். நெல்லைக் குதிரில் சேர்த்து வைக்கலாம். இன்றைய பொழுதை நாளைக்கு எனச் சேர்த்து வைத்தல் எவராலும் இயலாது. அது செலவழிந்துகொண்டே இருக்கும். நல்வழியில் செலவழிகின்றதா, வீணே கழிகின்றதா என்பது மட்டுமே மாந்தர் கையில் உள்ளது.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகவும், ஒரு நாளைச் சிறுபொழுதுகளாகவும் வகுத்தனர். நாள் ஒன்றை அறுபது நாழிகையாகப் பகுத்துக் கணக்கிட்டனர். ஒரு நாழிகை என்பது இக்காலக் கணக்கில் 24 நிமிடமாகும்; இரண்டரை நாழிகை ஒரு மணி நேரமாகும். சிறு துளையின் வழியே ஒழுகும் நீரைக்கொண்டு நாழிகையை அளந்தறியும் வட்டில்கள் அக்காலத்தே இருந்தன. போர்ப் பாசறையில் தங்கிய மன்னனுக்கும் நாழிகைக் கணக்கர் பொழுதை அளந்து அறிவித்தனர் என்னும் செய்தி முல்லைப்பாட்டில் காணப்படுகின்றது.

திருவள்ளுவர் பொருட்பாலில் ‘காலமறிதல்’ என்றே ஓர் அதிகாரம் அமைத்தார். அதற்குச் சற்று முன்னர் ‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தை வைத்தார். செய்யத் தக்கது எது, தகாதது எது என்று ஆராய்தல் முன்னும், அதனைச் செய்தற்குரிய பொழுதை அறிதல் பின்னுமாக நிற்கும் இம்முறை கருதத் தக்கது. எண்ணம் செம்மைப்படாதவன் பொழுதைப் பேணினும் பயனில்லை. விரைந்து செல்பவன் வழிதவறிச் செல்வானாயின், அவ்விரைவே அவனை ஊரினின்றும் மேலும் தொலைவிற்குக் கொண்டுபோய்விடும். பொழுதைப் பேணாதவனுடைய எண்ணமோ, எத்துணைச் சிறந்ததாயினும், வித்திடாத நிலம்போலப் பயன்தராது கிடக்கும். ஆகவே பொழுதைப் பேணுதலும் எண்ணத்தைச் செம்மை செய்தலும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன.

இவ்விரண்டினையும் தம் முயற்சியாலேயே பயின்று உயர்ந்தோருள் ஒருவர், அமெரிக்க நாட்டு அறிஞராகிய பெஞ்சமின் பிராங்க்ளின். அவர் தம் வரலாற்றைத் தாமே எழுதத் தொடங்கியது 1771ஆம் ஆண்டு. அந்நூல் முற்றுப்பெறவில்லை. எனினும், தாம் பயின்ற முறைகளையும், அவற்றில் வென்ற இடங்களையும் தோற்ற இடங்களையும் அவர் அதில் ஒளியாது கூறியிருத்தலின், இளைஞர்க்கு அது பெரிதும் பயன்படுவதாயிற்று.

அச்சுக்கூடச் சிறுவன்

பிராங்க்ளின் 1706ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவர்க்கு மக்கள் பதினேழு பேர். ஆண்மக்களுள் இளையவர் பெஞ்சமின். அத்துணைப் பெரிய குடும்பத்தில் ஒருவரை நெடுநாள் பள்ளியில் படிக்கவைத்தல் தந்தைக்கு இயலவில்லை. எட்டாம் வயதிற் பள்ளிக்குச் சென்ற சிறுவர், பத்தாம் வயதில் தந்தையின் தொழிலுக்குத் துணையாக வீடு திரும்பினார். பள்ளியில் இருந்த அச்சிறு காலத்தில் எழுத்து அவர்க்கு நன்கு வந்தது, கணக்கு வரவில்லை. பன்னிரண்டாம் வயதில் தம் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். அவர் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவே.

நாள் முழுதும் அச்சுக்கூடத்தில் உழைக்கும் சிறுவனுக்குப் படிக்கப் பொழுது ஏது? விடியுமுன் சிறிது நேரம், வேலை முடிந்த பின் சிறிது நேரம், ஞாயிற்றுக்கிழமை ஆகிய இவையே அவர்க்குக் கிடைத்தன. புத்தகக் கடைகளில் வேலை பயின்ற சிறுவரோடு அவர் நட்புக் கொண்டார். மாலையில் நூலை இரவல் வாங்கி, இரவெல்லாம் விழித்திருந்து படித்து, கடை திறக்குமுன் அழுக்குப் படாமல் திருப்பிக் கொடுத்தார்.

அவர்க்குப் பதினாறு வயதளவில், புலால் நீத்த உணவைப் பற்றிய நூலொன்று கிடைத்தது. அதனைப் படித்த அவர், மரக்கறி உணவை மேற்கொண்டார். தம் உணவிற்காகத் தமையனார் செலவிடும் தொகையிற் பாதியைத் தம் கையிற் கொடுத்தால் தாமே உணவைப் பார்த்துக்கொள்வதாகக் கூறினார். தமையனாரும் இசைந்தார். அப்பாதியிலும் பாதியை மீதப்படுத்தி, அதனால் நூல்கள் வாங்கினார். ஏனையோர் உணவுண்ண வெளியே சென்றபொழுது, அவர் ஒரு ரொட்டித் துண்டும் சிறிது உலர்ந்த திராட்சையும் நீருமாக உணவை விரைவில் முடித்து, எஞ்சிய நேரத்தை அச்சுக்கூடத்தின் தனிமையிலேயே படிப்பிற்கு ஆக்கினார். பள்ளியில் வாராத கணக்கையும் இந்நேரத்தில் ஒரு கணக்கு நூலைத் துணைக்கொண்டு, ஆசிரியர் உதவியின்றி, முதலிலிருந்து கடைசிவரை எளிதாகக் கற்று முடித்தார்.

இங்கு மாணவர் கருத வேண்டுவது ஒன்று உண்டு. ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சிறுவயதிலேயே தம்மைக் குறித்துத் தீர்ப்புக் கூறிக்கொள்வோர் பலர். அத்தீர்ப்பே பின்னர் அவர்தம் முயற்சிக்குத் தளையாகிவிடுகின்றது. ‘இதுகாறும் வரவில்லை’ என்பது உண்மையாகலாம். ‘இனி வாராது’ என்பதற்குச் சான்று யாதும் இல்லை. பிராங்க்ளின் முதற்கூற்றை ஒப்புக்கொண்டார், இரண்டாவதை ஒப்புக்கொள்ளவில்லை.

எழுதிப் பழகிய முறை

இளமையில் பிராங்க்ளின் தம் நண்பர் ஒருவரோடு ஒரு பொருளைப் பற்றிக் கடிதவாயிலாக வாதிட்டார். அக்கடிதங்கள் தந்தையின் கண்ணிற் பட்டன. தந்தையார் வழக்கில் எவர் பக்கம் உண்மை என்று பேசப் புகாமல், எழுத்து முறையை மட்டும் எடுத்துக் காட்டினார். மகனுடைய எழுத்தில் பிழைகள் குறைவு. ஆனால் சொல்லழகும் ஒழுங்கும் தெளிவும் நண்பருடைய எழுத்திலேயே மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. குறை கூறக் கேட்டவர் பெரும்பாலும் சினங்கொள்வர், அன்றிச் சோர்வடைவர். அச்சிறுவர் இரண்டும் செய்யவில்லை. தந்தை கூறியது உண்மையே என உணர்ந்து, அக்குறையைப் போக்கும் வழியைத் தேடினார்.

அந்நாளில் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ என்னும் இதழின் கட்டுரைத் தொகுதி ஒன்று அவர் கைக்கு வந்தது. அதிலுள்ள கட்டுரைகளை அவர் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் ஓரிரு சொற்களிற் குறித்துக்கொண்டார். பின்னர்ச் சில நாள் அவற்றைத் தொடாது வைத்தார். அதன்பின் நூலைப் பாராமல், குறிப்புகளை மட்டும் கொண்டு, கட்டுரையைத் தம் சொற்களால் மீண்டும் எழுதினார். எழுதி முடித்த பின் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைக் கண்டு திருத்தினார். சொல்வளம் போதாமையை உணர்ந்தபொழுது, உரைநடையைச் செய்யுளாக மாற்றி, நாட்பட வைத்து, அச்செய்யுளை மீண்டும் உரைநடையாக்கினார். சில வேளைகளிற் குறிப்புகளை ஒன்றோடொன்று கலந்துவிட்டு, சில வாரங்கள் கழித்து எடுத்து, அவற்றை முறைப்படுத்தினார். இதனால் கருத்துக்களை ஒழுங்குபட அடுக்கும் ஆற்றல் அவர்க்குக் கைவந்தது.

இம்முறை சிறந்தது என்பதற்குப் பிற்கால ஆராய்ச்சியும் துணைநிற்கின்றது. எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு காலத்தில் மறந்துபோகின்றன என்று பன்முறை சோதித்து, 1885ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். கற்றது கற்ற உடனே விரைவாகவும், நாட்செல்லச் செல்ல மெல்லவும் மறக்கப்படுகின்றது என்பதும், ஒரே நாளிற் பன்முறை ஓதுதலினும் பல நாளிற் பிரித்து ஓதுதல் நன்கு நிலைக்கும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். தேர்வுக்கு முந்திய இரவில் விளக்கெரித்து ஓதும் மாணவன் ஏன் விரைவில் மறந்துவிடுகின்றான் என்பதற்கு இதுவே விடை. நூலைக் கண்முன் விரித்து வைத்து ஒன்பது முறை வாசிப்பதினும், நூலை மூடிவைத்து ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தல் அறிவை நன்கு சோதிக்கும். தெரியாதது எது என்பதை அது காட்டிக் கொடுக்கும். வாசிக்கும்பொழுது எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும் மயக்கம் எழுதும்பொழுது நீங்கிவிடும்.

நாளைப் பகுத்த வகை

பதினேழாம் வயதில், 1723ஆம் ஆண்டில், பிராங்க்ளின் பாஸ்டனை விட்டுப் பிலடெல்பியா நகரை அடைந்தார். அங்கு உழைத்துச் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். அக்காலத்தில் அவர் தம் நாளை ஒரு பட்டியலாக வகுத்துக்கொண்டார்.

காலை 5 மணிக்கு எழுதல், நீராடுதல், இறைவனை வழுத்துதல், அன்றைய பணிகளைத் திட்டமிடுதல், கையிற் கொண்ட நூலைப் படித்தல், காலை உணவு. 8 மணி முதல் நண்பகல்வரை தொழில். நண்பகலில் இரண்டு மணி நேரம் படித்தல், கணக்குகளைப் பார்த்தல், உணவு. பிற்பகல் 2 மணி முதல் 6 மணிவரை மீண்டும் தொழில். மாலையில் பொருள்களை அவற்றிற்குரிய இடத்தில் வைத்தல், உணவு, இசை, உரையாடல் முதலிய பொழுதுபோக்கு, அன்றைய நாளை ஆராய்தல். இரவு 10 மணி முதல் காலை 5 மணிவரை உறக்கம்.

இப்பட்டியலில் மூன்று செய்திகள் குறிக்கொள்ளத் தக்கன. முதலாவது, நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு வினா நின்றது. இன்று செய்யக்கூடிய நன்மை யாது எனக் காலையிலும், செய்த நன்மை யாது என மாலையிலும் அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். காலை வினா பொழுதிற்கு வழிகாட்டியது; மாலை வினா பொழுதிற்குக் கணக்குக் கேட்டது. இரண்டாவது, உறக்கத்திற்கு ஏழு மணி நேரம் ஒதுக்கினார். உறக்கத்தைக் குறைத்துப் பொழுதை மிச்சப்படுத்த நினைப்பவன், கிளையில் அமர்ந்து அக்கிளையையே வெட்டுபவனை ஒப்பான். மூன்றாவது, இசைக்கும் நண்பரோடு உரையாடலுக்கும் இடம் வைத்தார். ஓய்வு பொழுதின் பகையன்று. அளவறியாத ஓய்வே பகை.

பொழுதுபோக்கையும் கல்விக்குத் துணையாக்கிக் கொள்ளும் வகையை அவர் அறிந்திருந்தார். 1733ஆம் ஆண்டு முதல் அவர் பிறமொழிகள் கற்கத் தொடங்கினார். பிரெஞ்சு மொழியைக் கற்ற பின் இத்தாலிய மொழியிற் புகுந்தார். அம்மொழியையே பயின்ற நண்பர் ஒருவர் அவரைச் சதுரங்கம் ஆட அடிக்கடி அழைத்தார். ஆட்டத்தால் படிப்புக் கெடுதலைக் கண்ட பிராங்க்ளின், ஒரு நிபந்தனை விதித்தார். ஒவ்வோர் ஆட்டத்திலும் வென்றவர் தோற்றவர்க்கு ஒரு பாடம் கொடுக்க வேண்டும். இலக்கணப் பகுதியை மனப்பாடம் செய்தலோ மொழிபெயர்த்தலோ ஆகிய அப்பாடத்தை அடுத்த சந்திப்பிற்குள் முடித்தல் வேண்டும். இருவரும் ஏறக்குறைய ஒத்த ஆட்டக்காரர் ஆதலின், இருவரும் மாறிமாறித் தோற்று, அம்மொழியைக் கற்றுத் தேறினர்.

பதின்மூன்று நற்பண்புகள்

பொழுதை வகுத்ததோடு அமையாது, தம் குணத்தையும் திருத்திக்கொள்ள அவர் முனைந்தார். உணவில் அளவு, வீண்பேச்சு ஒழித்தல், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், ஊக்கம், வாய்மை, நீதி, நடுநிலை, தூய்மை, மன அமைதி, கற்பொழுக்கம், பணிவு என்னும் பதின்மூன்று பண்புகளை வரிசைப்படுத்தினார். முதலிற் பன்னிரண்டே இருந்தன. அவரிடம் செருக்கு உண்டென நண்பர் ஒருவர் அன்போடு எடுத்துக் காட்டிய பின்னர், பணிவைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்.

எல்லாப் பண்புகளையும் ஒரே நாளிற் பெற முயலுதல் வீணென அவர் உணர்ந்தார். தோட்டத்தில் களையெடுப்பவன் எல்லாப் பாத்திகளிலும் ஒருங்கே கைவைப்பதில்லை. ஒரு பாத்தியை முடித்தே மறு பாத்திக்குச் செல்கின்றான். அவ்வாறே அவரும் ஒரு வாரத்திற்கு ஒரு பண்பெனத் தம் கருத்தைச் செலுத்தினார். சிறு குறிப்பேட்டில் வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு கட்டங்களும், பண்புகளுக்குப் பதின்மூன்று வரிகளும் கோடிட்டு, மாலைதோறும் தாம் தவறிய இடத்திற் கரும்புள்ளி வைத்தார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஆண்டிற்கு நான்கு சுற்று. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டைகள் விழுந்தமையால், பின்னர்த் தந்த ஏடுகளிற் கோடிட்டு, கரிய எழுதுகோலால் குறித்து, ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

முதலிற் குறிப்பேட்டைப் பார்த்தபொழுது, தம்மிடத்துத் தாம் எண்ணியதினும் மிகப் பல குறைகள் இருத்தலைக் கண்டு அவர் வியந்தார். எனினும், நாளடைவில் அவை குறைந்து வருதலைக் கண்டு மகிழ்ந்தார். ஒழுங்கு என்னும் பண்பே அவர்க்குப் பெருந்தொல்லை தந்தது. பொருளைப் பொருளுக்குரிய இடத்திலும், வேலையை வேலைக்குரிய வேளையிலும் வைத்தல் அவரால் முற்றும் இயலவில்லை. பலரோடும் தொழில் நடத்துபவர்க்குப் பிறர் வரும் வேளையே தம் வேளையாகிவிடும். பன்முறை முயன்றும் தோற்றமையால், அம்முயற்சியையே விட்டுவிடும் நிலைக்கு அவர் வந்தார்.

அந்நிலையை விளக்க அவர் ஒரு கதை கூறினார். கோடரி வாங்கிய ஒருவன், அதன் வாய்போலவே உடல் முழுவதும் பளபளப்பாகத் தீட்டித் தருமாறு கொல்லனை வேண்டினான். சாணைச் சக்கரத்தை அவனே சுழற்றுவானாயின் அவ்வாறு செய்வதாகக் கொல்லன் இசைந்தான். கொல்லன் கோடரியைக் கல்லின்மேல் அழுத்திப் பிடிக்க, சக்கரம் சுழற்றுதல் பெருவருத்தமாயிற்று. சிறிது நேரத்தில் வந்தவன் கை சலித்து, கோடரியை உள்ளவாறே தருமாறு கேட்டான். இன்னும் சுழற்றினால் முழுதும் பளபளப்பாகும். இப்பொழுது புள்ளி புள்ளியாகத்தான் இருக்கின்றது என்றான் கொல்லன். புள்ளியுள்ள கோடரியே தனக்குப் பிடித்திருக்கின்றது என்று கூறி, அவன் அதனைக் கொண்டு சென்றான். முயற்சி கடினமாயினவுடன் குறையையே விருப்பம் எனக் கூறித் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் மக்கள் இயல்பை இக்கதை நன்கு காட்டுகின்றது. இவ்வியல்பு தம்மிடமும் எழுந்ததை பிராங்க்ளின் மறைக்கவில்லை. முதுமையில் திரும்பிப் பார்த்தபொழுது, தாம் விரும்பிய நிறைவைத் தாம் ஒருநாளும் எய்தவில்லை என்றும், எனினும் முயலாது இருந்திருப்பின் இருந்திருக்கக்கூடிய நிலையினும் அம்முயற்சியால் நல்லவராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் ஆனதாகவும் எழுதினார்.

பட்டியல் எழுதிய மூன்றாம் நாளே அதனைத் தவறவிட்டு, ‘இஃது எனக்கு ஆகாது’ என்று கிழித்தெறியும் மாணவர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பட்டியல் முற்றும் நிறைவேறாமை தோல்வியன்று. தவறிய நாளின் மறுநாள் மீண்டும் தொடங்காமையே தோல்வி.

எண்ணும் முறை

பொழுதைப் பேணக் கற்றவர் எண்ணத்தையும் பேணுதல் வேண்டும். 1727ஆம் ஆண்டில் பிராங்க்ளின் தம் நண்பரைச் சேர்த்து ஒரு கழகம் அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர்கள் கூடி, அறம், அரசியல், இயற்கை அறிவு ஆகியவற்றைப் பற்றிய வினாக்களை ஆராய்ந்தனர். உண்மையை அறியும் நோக்கத்தோடு பேச வேண்டுமேயன்றி, வெல்லும் நோக்கத்தோடு பேசலாகாது என்பது அக்கழகத்தின் விதி. தன் கருத்தே முடிந்த முடிபென வற்புறுத்திப் பேசியவரும், பிறரை முகத்திற்கு நேரே மறுத்துப் பேசியவரும் சிறு தண்டம் செலுத்த வேண்டியவராயினர். பிராங்க்ளினும் ‘ஐயமின்றி’, ‘உறுதியாக’ என்னும் சொற்களை விலக்கி, ‘எனக்கு இவ்வாறு தோன்றுகின்றது’ என்று பேசப் பழகிக்கொண்டார். அதனால் பிறர் அவர் கூற்றை வெறுப்பின்றிக் கேட்டனர். தவறுற்றபொழுது திருத்திக்கொள்ளுதலும் அவர்க்கு எளிதாயிற்று. 1731ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் நிறுவப்பட்ட உறுப்பினர் நூல்நிலையம் அந்நண்பர் குழுவின் முயற்சியிலிருந்து தோன்றியதே. அந்நூல்நிலையத்தின் வாயிலாக நாள்தோறும் ஓரிரு மணி நேரம் படித்துத் தம் கல்விக் குறையை அவர் நிறைத்துக்கொண்டார்.

ஐயம் நேர்ந்தவிடத்து முடிவு செய்யும் முறை ஒன்றையும் அவர் கையாண்டார். பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிவியலறிஞர், தமக்கு வந்த ஒரு பதவியை ஏற்பதா மறுப்பதா என்று 1772ஆம் ஆண்டில் அவரிடம் கருத்துக் கேட்டார். எதைச் செய்ய வேண்டும் என்று கூறாமல், எவ்வாறு முடிவு செய்ய வேண்டும் என்பதையே பிராங்க்ளின் எழுதினார். ஒரு தாளின் நடுவே கோடிட்டு, ஒருபுறம் ஏற்றற்குரிய காரணங்களையும், மறுபுறம் மறுத்தற்குரிய காரணங்களையும் எழுதுக. இதனை ஒரே அமர்வில் முடிக்காது மூன்று நான்கு நாள் நினைந்து நினைந்து எழுதுக. பின்னர் இருபுறமும் ஒத்த எடையுள்ள காரணங்களை அடித்துவிடுக. எஞ்சியவற்றைக் கொண்டு முடிவு காண்க. இதுவே அம்முறை.

இதன் நுட்பம் யாதெனில், மனத்தில் எல்லாக் காரணங்களும் ஒருங்கே நிற்பதில்லை. ஒருவேளை ஒரு பக்கத்துக் காரணங்கள் தோன்றும், மற்றொருவேளை மறுபக்கத்தன தோன்றும், முன்னையவை மறைந்துவிடும். அதனால் மனம் காற்றில் ஆடும் நாணல்போல அலையும். எழுதி வைத்தால் இரண்டும் ஒருங்கே கண்முன் நிற்கும். மேற்படிப்பிற்கு எப்பாடத்தைத் தெரிந்தெடுப்பது என்று மயங்கும் மாணவர்க்கும், தோழர் சொன்னார் என்பதற்காக ஒரு முடிவிற்கு விரைபவர்க்கும் இம்முறை பெருந்துணையாகும்.

கருத்தை மாற்றும் துணிவு

எண்ணம் செம்மைப்பட்டது என்பதற்குச் சிறந்த அடையாளம், தன் கருத்துத் தவறெனக் கண்டவிடத்து அதனை மாற்றிக்கொள்ளும் துணிவே. பிராங்க்ளின் வாழ்வில் மாசு இல்லாமல் இல்லை. அவர் காலத்து அமெரிக்காவில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக வாங்கி விற்கும் கொடிய வழக்கம் இருந்தது. அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். அவர் நடத்திய செய்தித்தாளில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. சிக்கனமும் நீதியும் தம் குறிப்பேட்டில் எழுதிய ஒருவர், தம் வீட்டிலேயே நின்ற அந்நீதியின்மையைப் பல்லாண்டு காணாதிருந்தார். ஊரெல்லாம் ஒப்பிய தவறு எவர் கண்ணுக்கும் எளிதில் தவறாகத் தோன்றுவதில்லை என்பதற்கு இது சான்று.

ஆயின், அவர் அக்கருத்திலேயே நின்றுவிடவில்லை. காலப்போக்கில் அவ்வழக்கத்தின் கொடுமையை உணர்ந்தார். 1787ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் அடிமை ஒழிப்பிற்கென அமைந்த சங்கத்தின் தலைவரானார். 1790ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அடிமை முறையை ஒழிக்க வேண்டி அமெரிக்க நாட்டு மன்றத்திற்கு அனுப்பப்பெற்ற விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். அது நிறைவேறவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், தம் 84ஆம் வயதில், அவர் காலமானார். உழைப்பையும் சிக்கனத்தையும் விட, முதுமையிலும் தம் பழைய கருத்தைத் தாமே மறுத்து எழுந்த அத்துணிவே அவர் எண்ணப் பயிற்சியின் உயர்ந்த பயன் எனலாம்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய துணிவிற்குச் சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை எனப் பல நூல்களைக் கற்றவர் அவர். அவ்வாண்டில் அவர் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என வினவினார். தாம் கற்றவற்றைப் பெரிதாகக் கூறி அவ்வினாவை ஒதுக்கிவிடுதல் ஐயர்க்கு எளிது. அவர் அவ்வாறு செய்யவில்லை. தமக்குத் தெரியாத ஒரு பெரும்பரப்பு உண்டென உணர்ந்து, சிந்தாமணியின் ஏட்டுச் சுவடிகளை ஆராயத் தொடங்கினார். விளங்காத சமயச் செய்திகளைச் சைன நண்பரிடம் சென்று கேட்டறிந்தார். கல்லூரிப் பணி ஒழிந்த நேரமெல்லாம் அவ்வாராய்ச்சிக்கே உரியதாயிற்று. 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணி அச்சேறியது. அதன்பின் பத்துப்பாட்டு 1889ஆம் ஆண்டிலும், சிலப்பதிகாரம் 1892ஆம் ஆண்டிலும், புறநானூறு 1894ஆம் ஆண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. செல்லுக்கும் மழைக்கும் ஏடுகள் இரையாகிக்கொண்டிருந்த காலம் அது. ‘பின்னர்ப் பார்ப்போம்’ என்று அவர் பொழுதைக் கழித்திருப்பின், அவர் தேடிக் கண்ட சுவடிகளுட் சில மண்ணோடு மண்ணாகியிருக்கும். அறியாமையை ஒப்புக்கொண்ட ஒருவரின் ஓய்வு நேரம் ஒரு மொழியின் செல்வத்தைக் காத்தது.

மாணவர் கைக்கொள்ளும் வழி

இவற்றிலிருந்து மாணவர் கைக்கொள்ளத் தக்கவை சில. நாள்தோறும் ஒரு நாழிகையேனும் பாடநூலுக்குப் புறம்பான ஒன்றைப் பயிலுதல் நன்று. அது மொழியாகலாம், இசையாகலாம், கைத்தொழிலாகலாம். ஒரு நாழிகை 24 நிமிடமே. ஓராண்டில் அஃது 146 மணி நேரமாகும். பள்ளி நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரக் கல்வி எனக் கொண்டால், ஏறத்தாழ 29 பள்ளி நாட்களுக்கு ஒப்பாகும். சிறு துளையின் வழியே வட்டிலில் ஒழுகிய நீர் நாழிகையை அளந்ததுபோல, சிறு பொழுதுகளே ஒருவன் அறிவையும் அளக்கின்றன.

அந்த ஒரு நாழிகையில் மனம் ஒன்றிலேயே நிற்றல் வேண்டும். இக்காலத்தில் கைபேசி அடிக்கடி ஒலித்துக் கருத்தைச் சிதைக்கின்றது. அதனை அந்நேரத்திற்கு வேறறையில் வைத்தல் பொழுதைக் காத்தற்கு எளிய வழியாகும். படித்ததை நூலை மூடி எழுதிப் பார்த்தலும், சில நாள் கழித்து மீண்டும் எழுதிப் பார்த்தலும், ஐயம் வந்தவிடத்து இருபுறக் காரணங்களையும் தாளில் எழுதி ஆராய்தலும், குறை கூறுவோரின் சொல்லில் உண்மை உண்டா எனச் சினமின்றி நோக்கலும் பழக்கமாகுமாயின், அவை வாழ்நாள் முழுதும் துணைநிற்கும். உறங்கப் போகுமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்துத் தவறியதைக் குறித்துக்கொள்ளல் இவை எல்லாவற்றிற்கும் அடிப்படையாகும்.

வறுமை பிராங்க்ளினின் பள்ளிப் படிப்பைப் பத்தாம் வயதில் நிறுத்தியது; அவர் கல்வியை அதனால் நிறுத்த இயலவில்லை. உணவு வேளையில் எஞ்சிய சிறு பொழுதும், தம் குறையைத் தாமே காணும் மனமும் அவரிடம் இருந்தன. அவ்விரண்டும் விலைகொடுத்து வாங்கும் பொருள்கள் அல்ல. எந்தக் குடியிற் பிறந்த மாணவரும், எந்தச் சிற்றூரில் வாழும் மாணவரும், இன்றே அவற்றைக் கைக்கொள்ளலாம்.